ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு

சுங்கை சிப்புட் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு இரண்டு செய்திகள் நினைவுக்கு வரும். 1948 ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பின்சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அதையொட்டி மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது ஒன்று. துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர், நெடுங்காலம் நாடாளுமன்றத்தில் அவர் பிரதிநிதித்துவம் செய்த தொகுதி என்பது மற்றொன்று. பாடப்புத்தகத்தில் இடம்பெறாத இன்னொரு வரலாறும் அந்த ஊரைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களுக்கு உண்டு. கைக்குழந்தையும் தவழும் பிள்ளையும் உள்ள குடும்பங்கள் நாள் கூலியில், கடைக்குக் கொடுத்தது குறைவாகவும் குப்பையில் கொட்டியது அதைவிடக் குறைவாகவும், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வரலாறு அது. சூழலுக்குக் கேடில்லாமல், கைக்கு அடக்கமான செலவில் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று இன்றைய இளம் பெற்றோருக்குச் சொல்ல வருகிறவர்கள், நம் பாட்டிமார் அப்படித்தான் வளர்த்தார்கள் என்று தவறாமல் சொல்கிறார்கள். வளர்த்தார்கள், உண்மைதான். எதை வைத்து வளர்த்தார்கள் என்ற கேள்வியை மட்டும் யாரும் எழுப்புவதில்லை. வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்கு மண் இருந்தது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது, வேலைக்காடு நடக்கும் தூரத்தில் இருந்தது. இந்த மூன்றும் போன பிறகு பழக்கம் மட்டும் தனியே நிலைக்கவில்லை. தோட்டங்களின் வரலாறு இதைத் தெளிவாகவே காட்டுகிறது என்பது என் கருத்து.

மண்ணிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய மலாயாவின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இன்று பலர் மறந்துவிட்ட ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவோ மாடு ஆடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தைத் தோட்ட நிர்வாகம் ஒதுக்க வேண்டும் என்பது அந்த விதி. சதுர அடியில் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,700 வரும். எல்லாத் தோட்டங்களும் இதை ஒழுங்காக நிறைவேற்றின என்று சொல்ல மாட்டேன். லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கிடந்த பள்ளமும் சதுப்பும் கொடுத்துக் கணக்கை முடித்த நிர்வாகங்கள் இருந்திருக்கும். ஆனால் ஒரு குடும்பம் பிழைக்கக் கூலி மட்டும் போதாது, மண்ணும் வேண்டும் என்று அந்தக் காலத்து அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. 1998இல் மலேசியாவில் மலிவுவிலை வீட்டுக்கு வகுக்கப்பட்ட அளவு மூன்று அறைகளோடு 650 சதுர அடி. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் அதைப்போல ஓர் அடுக்குமாடி வீட்டுக்குப் போனால், பழைய சட்டம் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் மட்டும் ஒதுக்கச் சொன்ன இடத்தில் கால் பங்குக்குள் சமையல், படுக்கை, துவைப்பு, பிள்ளை விளையாட்டு எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டும்.

அந்தத் துண்டு நிலத்தில் என்ன நடந்தது என்று சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் சிக்கனத்தின் இயக்கம் முழுவதும் அங்கேதான் இருந்தது. லயத்தின் பின்வாசலில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு சிறு வாய்க்காலாக ஓடி வாழைக்கும் சேம்புக்கும் போகும். அதற்கப்பால் முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, கத்தரி, வெண்டை. வேலியோரமாக மரவள்ளிக்கிழங்குக் குச்சிகளும் பசலைக்கொடியும். மலாய்க்காரர்களிடமிருந்து கற்றுக்கொண்ட சயோர் மானிஸ் கீரை, குச்சியை ஒடித்து ஊன்றினாலே தழைத்துவிடும். சோறு வடித்த கஞ்சியும் காய்கறித் தோலும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போயின. சிந்திய சோற்றுக்குக் கோழி இருந்தது. சாணமும் கோழி எச்சமும் பாத்திக்குத் திரும்பின. அடுப்புக்கு ரப்பர் விறகு. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும் கத்தரிச் செடியில் பூச்சி அண்டாமல் தூவவும். மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீர் சுமக்கும் பாத்திரமாயிற்று. பால் டின் அரிசி அளக்கும் படியாயிற்று. கோதுமை மாவு வந்த துணிச்சாக்கைப் பிரித்து வெளுத்துப் பிள்ளைக்குச் சட்டை தைத்தார்கள். பால் குடி மறக்கும் பிள்ளைக்கு நொய்க்கஞ்சியும் முருங்கைக்கீரையும் முட்டையும் அந்த முற்றத்திலிருந்தே வந்தன. இவை ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தாங்கி நின்றதுதான் முக்கியம். மாடு இல்லாவிட்டால் எரு இல்லை, பாத்தி இல்லாவிட்டால் கழுவிய தண்ணீர் சாக்கடைதான், கோழி இல்லாவிட்டால் மிச்சச் சோறு குப்பைதான். இன்று அதிலிருந்து ஒரு பழக்கத்தை மட்டும் பிய்த்து எடுத்து, அடுக்குமாடியின் ஐந்தாம் மாடியில் இருக்கும் தாயிடம் கொடுத்துக் கடைப்பிடிக்கச் சொன்னால், அவளுக்கு அது கூடுதல் வேலையாகத்தான் முடியும்.

இரண்டாவது தாங்கல் ஆயாக்கொட்டகை. ரப்பர் வேலை விடியுமுன் தொடங்குவது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போக வேண்டும். ஆணும் பெண்ணும் இருவருமே வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து தாய் கொட்டகையில் விடுவாள். அங்கே உத்தரத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும். பெரும்பாலும் அவை தாய்மாரின் பழைய சேலைகளே. வயதான அல்லது உடல் தளர்ந்த பெண் ஒருத்தி ஆயாவாக இருந்து ஏணையை ஆட்டி, கஞ்சி ஊட்டி, துணி மாற்றுவாள். அவளுக்குக் கூலி தோட்டக் கணக்கில். சிறு பிள்ளைகள் உள்ள தோட்டங்கள் இந்தக் கொட்டகையை நடத்த வேண்டும் என்று சட்டம் சொன்னது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டத்திலும் பிள்ளைக் காப்பகம் பற்றிய விதி தொடர்கிறது. கொட்டகைக்கும் சூழலுக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். பிள்ளை வளர்ப்பில் குப்பையும் செலவும் பெருகுவது பெரும்பாலும் நேரம் இல்லாத இடத்தில்தான். புட்டிப்பால், பொட்டலத் தீனி, ஒருமுறை கட்டி எறியும் அரைத்துணி ஆகிய எல்லாமே நேரத்தை விலைக்கு வாங்கும் வழிகள். பிள்ளை வேலைக்காட்டுக்குப் பக்கத்திலேயே, கூலி பெறும் ஒருத்தியின் கையில் இருந்த வரை அந்த நேரத்தைக் கடையில் வாங்கும் அவசியம் வரவில்லை. கொட்டகைகள் எல்லாம் சுத்தமாக இருந்தன என்பதற்கு நான் சாட்சி சொல்லவில்லை. பிள்ளையைப் பார்க்கும் செலவை முதலாளியின் கணக்கில் எழுத வைத்த ஏற்பாடு அது என்பதையே சொல்கிறேன்.

துணிக்கதை இதை இன்னும் துல்லியமாகக் காட்டுகிறது. பெம்பர்ஸ் நல்லதா, துணி நல்லதா என்ற வாதத்துக்கு இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் ஒரு விரிவான கணக்கு வெளியிட்டது. ஒரு பிள்ளை இரண்டரை வயது வரை எறியும் அரைத்துணிகளால் ஏறத்தாழ 550 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான மாசு உண்டாகிறது. துவைத்துக் கட்டும் துணியால் ஏறத்தாழ 570 கிலோ. அதாவது துணி என்பதாலேயே நன்மை வந்துவிடவில்லை. வெந்நீரில் துவைப்பதும் இயந்திரத்தில் உலர்த்துவதும் அந்த நன்மையைத் தின்றுவிடுகின்றன. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. துணிகளைச் சேர்த்து ஒரே ஈட்டில் துவைத்து, வெளியே கொடியில் காயப்போட்டு, அடுத்த பிள்ளைக்கும் அதே துணியைக் கட்டினால் மாசு ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும். லயத்து வாழ்க்கையில் இம்மூன்றும் சொல்லாமலே நடந்தன. பொதுக் குழாயடியில் குளிர்ந்த நீரில் துவைத்தார்கள், இரண்டு லயங்களுக்கு இடையில் கொடி கட்டி உலர்த்தினார்கள், தந்தையின் பழைய கைலியைக் கிழித்த துணி அக்காளிடமிருந்து தம்பிக்கும் சித்தி பிள்ளைக்கும் போயிற்று. துவைக்கும் இடம், வெயில் விழும் முற்றம், பக்கத்திலேயே இருக்கும் உறவு ஆகியவை சேர்ந்துதான் அந்தத் துணியைச் சூழலுக்கு நல்லதாக்கின.

மூன்றாவது, தூரம். வேலைக்காடு, பள்ளிக்கூடம், கோயில், மருந்துக்கொட்டகை, பால் ஸ்டோர் எல்லாம் கால்நடையாகப் போகும் எல்லைக்குள் இருந்தன. சம்பளம் போட்ட வாரத்தில் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு பஸ்ஸிலோ சைக்கிளிலோ போய் வருவது ஒன்றுதான் நீண்ட பயணம். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் குடியிருந்து மோட்டார் சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போகும் இன்றைய தம்பதியின் மாதச் செலவில் பெட்ரோலும் தவணையும் பிடிக்கும் பங்கை எண்ணிப் பார்த்தால் போதும்.

பழக்கத்தைத் தாங்கியது மண்ணே என்பதற்குச் சான்று வேண்டுமானால், மண் கிடைத்த காலத்தையும் பறிபோன காலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது ஆணுக்கு 50 காசாக இருந்த நாள் கூலி 28 காசு வரை இறங்கியது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். தங்கியவர்கள் காய்கறிப் பாத்தியையும் ஆட்டையும் நம்பியே அந்த ஆண்டுகளைக் கடந்தார்கள். ஜப்பானியர் காலத்தில் அரிசி வரத்து நின்றபோது மரவள்ளிக்கிழங்கும் வள்ளிக்கிழங்கும் ஊரையே தாங்கின. ஆண்கள் பல்லாயிரக்கணக்கில் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டபின் லயங்களில் மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் உயிர் வாழ்ந்ததில் அந்தக் கிழங்குக்குப் பெரும் பங்கு உண்டு. பிறகு வந்தது அவசரகாலம். 1950இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டப்படி சிதறியிருந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக வேலிக்கு வெளியே உணவு கொண்டுபோகத் தடை வந்தது, அரிசி அளந்து கொடுக்கப்பட்டது, வாசலில் உடலைத் தடவிச் சோதித்தார்கள். மத்திய பேராக்கில் இந்தக் கட்டுப்பாடு 1958 வரையிலும் கடுமையாகவே தொடர்ந்தது. வேலிக்கு வெளியே இருந்த பாத்தியும் மேய்ச்சலும் ஒரே உத்தரவில் எட்டாத இடமாயின. அந்த மக்களின் பழக்கமோ மனமோ மாறிவிடவில்லை, பாட்டிமாரும் அதே பாட்டிமார்தான். ஆனாலும் வேலி விழுந்த இடத்தில் குடும்பம் கடையை நம்பித்தான் பிழைக்க வேண்டியதாயிற்று.

வேலி அகன்ற காலத்தில் வேறொரு கத்தி வந்தது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். பேராசிரியர் உங்கு அசீஸ் இதை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் அறிக்கை அளித்தார். பெரிய தோட்டத்துக்குப் பொருந்திய கொட்டகை, மருத்துவமனை, குடிநீர் வசதிகளைச் சிறு துண்டு நிலக்காரர் நடத்த வேண்டிய கட்டாயம் நடைமுறையில் இல்லாமல் போனது, கூலியும் நிலையற்றதாயிற்று. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்கு எதிராகத்தான். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிச் சேர்த்த பணத்தில் தோட்டங்களைத் துண்டாகாமல் முழுதாக வாங்குவது அதன் நோக்கம். முதலில் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது, பின்னர் வேறு பல. சம்பந்தனை அரசியல்வாதியாக மட்டும் நினைவுகூர்பவர்கள் இந்தச் சங்கத்தை ஒரு சேமிப்புத் திட்டமாகப் பேசுகிறார்கள். அதைவிட அது பெரியது என்று நினைக்கிறேன். லயம், கொட்டகை, பாத்தி, பள்ளி என்று ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரு வாழ்வு சிதறினால் மறுபடி கூட்ட முடியாது என்பதை, சுங்கை சிப்புட்டின் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ஒருவர் உணர்ந்து செய்த காரியம் அது.

ஆயினும் துண்டாடலைவிட ஆழமாக வெட்டியது செம்பனை. ரப்பர் மரத்துக்கு நாள்தோறும் கை வேண்டும், அதனால் குடும்பங்கள் தேவைப்பட்டன. செம்பனைக்குக் குலை வெட்டவும் சுமக்கவும் சிலர் போதும். நாளடைவில் அந்தச் சிலரும் குடும்பம் இல்லாமல் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்தார்கள். பிள்ளை இல்லாத தோட்டத்தில் கொட்டகை எதற்கு? இளம் செம்பனைக் கன்றை மாடு கடித்துவிடும் என்று மாடு வளர்ப்பு நிர்வாகத்தின் கண்ணை உறுத்தத் தொடங்கியது. களை பிடுங்க ஆள் வைப்பதற்குப் பதில் பாரகுவாட் மருந்து தெளித்தார்கள். தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மருந்து விழுந்த இடத்தில் கீரை பறிக்க முடியாது, ஆடு மேய்க்க முடியாது. மலேசியாவில் அந்த மருந்துக்கு முழுத் தடை வந்தது 2020இல்தான். வெட்டிய ரப்பர் மரமும் 1980களிலிருந்து ஏற்றுமதி மேசை நாற்காலிகளுக்கு விலைபோகும் பொருளாயிற்று, இலவச விறகு என்பது கதையாயிற்று. 1980க்கும் 2000க்கும் இடையில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்டார்கள் என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. வேலை போனால் வீடும் போகும் என்பதே தோட்டத்து ஏற்பாடு. சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டம் கைமாறும்போதெல்லாம் வீட்டு நிலம் கேட்டு மக்கள் நடத்திய போராட்டங்களில் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் அவரோடு இயங்கியவர்களும் நீண்ட காலம் துணை நின்றார்கள். 2008இல் இந்தத் தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் ஒரு வலுவான எதிர்வாதம் எழும். அந்தப் பாத்தியும் மாடும் முதலாளியின் தந்திரம்; தொழிலாளி தன் கீரையைத் தானே விளைத்துக்கொண்டால் கூலியைக் குறைவாகவே வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகக் கொடுத்தது; அதைப் போய்ப் பாராட்டுவதா என்று கேட்பார்கள். 1936 கடைசியில் மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியின் காலத்திலிருந்தே கூலி பற்றிய வாதம் சூடாக நடந்து வந்திருக்கிறது. தந்திரம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வாதம் தன்னை அறியாமலே என் கருத்தைத்தான் உறுதிசெய்கிறது. கூலியைக் குறைக்க உதவும் அளவுக்கு அந்த மண்ணுக்கு மதிப்பு இருந்தது என்றால், அதை எடுத்துக்கொண்டபோது அதே அளவுக்குக் கூலி உயர்ந்திருக்க வேண்டும். அப்படி உயரவில்லை. தோட்டத் தொழிலாளருக்கு மாதச் சம்பளம் வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகள் இழுபட்டது. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்தது 2013இல். அதற்குள் பெரும்பாலான லயங்கள் காலியாகிவிட்டன. மண்ணை இழந்த தலைமுறை அதன் விலையைக் கூலியாகப் பெறாமலே இழந்தது என்பதுதான் இதில் உள்ள அநீதி.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. அது வறுமை, அதற்குப் பச்சை வண்ணம் பூசக்கூடாது என்பது. போருக்கு முந்தைய மலாயாவில் பிறந்த இந்தியப் பிள்ளைகளில் ஆயிரத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தசோகையும் தாய்மாரைத் தின்றன. விறகுப்புகை நெஞ்சை அடைத்தது. காலையில் பால்மரம், மாலையில் பாத்தி, நடுவில் துவைப்பும் சமையலும் என்று முழுச் சுமையும் பெண் தலையில் விழுந்தது. இவை எல்லாம் உண்மை, ஒன்றையும் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் பிள்ளைகள் எதனால் மாண்டார்கள் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கொசு வளரும் பள்ளம், கெட்ட தண்ணீர், கழிவறை இல்லாமை, மருத்துவர் இல்லாமை, பேறுகாலத்தில் ஓய்வில்லாமை ஆகியவை கொன்றன. முருங்கைக்கீரையும் துணி ஏணையும் கொல்லவில்லை. சொல்லப்போனால் கடைப்பொருள் கொன்ற கதையும் உண்டு. இனிப்புச் சேர்த்த டின்பாலைக் கைக்குழந்தைக்கு ஏற்ற உணவு என்று கம்பெனிகள் விளம்பரப்படுத்தி விற்றதைக் கண்டித்து, அதைக் கொலைக்குச் சமமாகவே எண்ண வேண்டும் என்று டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் மேடையிலேயே பேசினார். பிள்ளை மரணத்தைக் குறைத்தது குழாய்த் தண்ணீர், தடுப்பூசி, தாய்சேய் நல விடுதி. அவற்றைப் பெறுவதற்கு விலையாகப் பாத்தியையும் கொட்டகையையும் கொடுத்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். பெண்ணின் சுமை பற்றிய குறைதான் எனக்குப் பதில் சொல்ல மிகக் கடினமாக இருப்பது. பாத்தி வேலையில் ஆணுக்கும் பங்கு உண்டு என்று அந்தக் காலம் கேட்கவில்லை, நாம் கேட்க வேண்டும். அதோடு, தோட்டத்து ஏற்பாடுகளில் பெண்ணின் கைக்கு ஓய்வு தந்தது ஆயாக்கொட்டகை ஒன்றுதான். லயத்தை விட்டு வந்தபோது முதலில் காணாமல் போனதும் அதுவே.

ரப்பரே காட்டை அழித்து வந்த ஒற்றைப் பயிர்தானே, அதன் நடுவே நாலு வாழை வைத்தால் சூழலுக்கு நன்மையாகிவிடுமா என்று மூன்றாவதாகக் கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. நிரைகளுக்கு இடையே ஒரு புல்கூட இல்லாமல் வழித்தெடுக்கும் பழைய முறை மேல்மண்ணை ஆறுகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறகுதான் மூடுபயிர் போடும் வழக்கம் வந்தது. பிளஸ் ஆற்றின் மேல்பகுதியில் வாழும் தெமியார் மக்களின் காடு சுருங்கியதில் தோட்டங்களுக்குப் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தோட்டத்தின் குற்றத்துக்கு லயத்துக் குடும்பத்தைப் பொறுப்பாக்குவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். என்ன நடுவது, எப்படி நடுவது என்பதில் அவர்களுக்கு ஒரு சொல்லும் இருந்ததில்லை. அவர்கள் கையில் விடப்பட்ட துண்டில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை வைத்துத்தான் அவர்களை மதிப்பிட வேண்டும்.

மனமிருந்தால் இன்றும் முடியும் என்பவர்களுக்கு வருகிறேன். தாமான் வீட்டின் வாசலில் தொட்டி வைத்துக் கறிவேப்பிலை வளர்க்கும் குடும்பங்கள், துணியை மறுபடி கொண்டுவந்த தாய்மார், எண்ணெய் டின்னில் மண்ணிட்டுச் சயோர் மானிஸ் ஊன்றியவர்கள் சுங்கை சிப்புட்டிலும் உண்டு. அவர்கள் செய்வது வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் யாருக்கு இது கூடிவருகிறது என்று கவனித்தால், பக்கத்தில் தாயோ மாமியாரோ இருப்பவர்களுக்கு, ஓரத்து வீடு கிடைத்து மூன்றடி மண் கூடுதலாக அமைந்தவர்களுக்கு, ஒருவர் வருமானத்தில் ஓரளவு சமாளிக்க முடிந்தவர்களுக்கு என்பது தெரியவரும். 2025இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த குறைந்தபட்சச் சம்பளத்தில், பிள்ளைக் காப்பகத்துக்கு மாதம் சில நூறு ரிங்கிட் கொடுத்துவிட்டு, இரவு ஷிப்ட் முடிந்து வரும் இருவரிடம் கூடுதல் மனவுறுதியைக் கேட்பது நியாயமில்லை. கேட்க வேண்டிய இடங்கள் வேறு. தோட்டத்து முதலாளிக்குச் சட்டம் சுமத்திய காப்பகக் கடமையை வீடமைப்பாளருக்கும் தொழிற்சாலைக்கும் சுமத்தலாம். வீடமைப்புத் திட்டத்தில் பொதுநிலம் ஒதுக்கும்போது பந்து விளையாடும் திடலோடு பயிர்நிலத்தையும் சேர்க்கலாம். ஆற்றோரத்திலும் ரயில்பாதை ஓரத்திலும் மின்கம்பிக்கு அடியிலும் சும்மா கிடக்கும் நிலத்தில் மக்கள் இப்போதே பயிரிடுகிறார்கள். பெரும்பாலும் கையில் காகிதம் ஏதும் இல்லாமல். அரசு நிலத்துக்கு முறையாகக் காகிதம் வாங்க நினைப்பவருக்குத் தேசிய நிலச் சட்டம் தருவது தற்காலிக உரிமம். அது எந்த மாதம் வாங்கினாலும் பொதுவாக அந்த ஆண்டு டிசம்பரோடு முடியும், பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க மறுத்தால் இழப்பீடு கோர வழியில்லை. வாழை குலை தள்ளப் பத்து மாதம் பிடிக்கும். பலா காய்க்க ஆண்டுகள் ஆகும். ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகும் வயது வரையிலாவது செல்லுபடியாகும்படி அந்த உரிமத்தை நீட்டித் தர மாநில அரசும் நாடாளுமன்றமும் முன்வந்தால், லயத்துப் பாட்டி செய்ததைப் பேத்தியும் செய்யக்கூடும். அதுவும் தன் விருப்பப்படி.